இருபது சென்டிமீட்டர்

மாரீஸுக்கு வீட்டுத் தோட்டத்தில் ஒரு நீச்சல் குளம் வேண்டும். வயது ஐம்பத்தெட்டு, இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன. தினமும் காலையில் அரை மணி நேரம் நீந்தினால் அறுவை சிகிச்சையைத் தள்ளிப்போடலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். பின்பக்கம் அத்தி மரத்துக்கும் மதில் சுவருக்கும் நடுவில் இடம் இருந்தது. கணவன் அல்பானுக்கும் சம்மதம். கான்கிரீட் குளமா, வினைல் உறை விரித்த குளமா என்று முடிவு செய்ய வேண்டியதுதான் பாக்கி. அந்தப் பாக்கி இரண்டு வருடமாக இழுத்துக்கொண்டிருந்தது.

தெற்குப் பிரான்ஸில் பெசியே ஊரைச் சுற்றியிருக்கிற சமவெளியில் வேறு யாருக்கும் இது ஒரு தலைவலியே இல்லை. மூன்று வீட்டுக்கு ஒரு வீட்டில் குளம் இருக்கிறது. இரண்டு கம்பெனியைக் கூப்பிட்டுக் கேட்பார்கள், ஒருவரைப் பிடித்துக்கொள்வார்கள், கோடைக்குள் குதித்துவிடுவார்கள். மாரீஸின் கதி வேறு. அந்த வட்டாரத்தில் கான்கிரீட் குளத்துக்குப் பேர் போனவன் அவளுடைய பெரிய தம்பி ரெஜிஸ். வினைல் உறைக்குப் பேர் போனவன் சின்னத் தம்பி ஜோயல். இரண்டு பேரும் ஒன்பது வருடமாக ஒருவரோடு ஒருவர் பேசுவதில்லை. ஒருவனுக்கு வேலையைக் கொடுத்தால் மற்றவன் அப்புறம் அவள் வீட்டு வாசலை மிதிக்க மாட்டான்.

அப்பா இருந்தவரை ஒரே கம்பெனி, ஒரே வேன், வேனில் ஒரே பெயர். அவர் போன மறு வருடம் ஜோயல், இனி ஜனங்கள் வினைல்தான் கேட்பார்கள், நாமும் மாறுவோம் என்றான். பிளாஸ்டிக் பை விற்க அப்பா பெயரை வைக்க விடமாட்டேன் என்றான் ரெஜிஸ். சொத்துப் பத்திரம் எழுதப் போன நோட்டரி ஆபீஸில் தொடங்கிய வாக்குவாதம் தெருவில் முடிந்தது. அதில் ஜோயல் சொன்ன ஒரு வார்த்தையும் ரெஜிஸ் சொன்ன இரண்டு வார்த்தைகளும் இன்றைக்கும் அக்காவுக்கு மனப்பாடம். நல்ல வார்த்தைகள் என்றால் இதற்குள் மறந்திருப்பாள்.

அன்றிலிருந்து மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு விருந்து ஜோயலுக்கு, மறுநாள் மதிய விருந்து ரெஜிஸுக்கு. சிப்பி இரண்டு தடவை, கோழி இரண்டு தடவை, மரக்கட்டை வடிவில் செய்கிற கிறிஸ்துமஸ் கேக் இரண்டு. தூது போவதும் அவள்தான். அப்பாவின் கல்லறைக்குப் பூ யார் வைப்பது, சித்தி மகள் கல்யாணத்துக்கு யார் எந்த மேஜை, எல்லாம் அவள் வாய் வழியாகத்தான் போக வேண்டும். "ரெஜிஸ்கிட்ட சொல்லிடு", "ஜோயல்கிட்ட கேட்டுச் சொல்லு". தபால்காரனாக முப்பத்தைந்து வருடம் வேலை பார்த்தவன் அல்பான். ஆனால் அந்த வீட்டில் உண்மையான தபால்காரி மாரீஸ்தான், ஓய்வும் கிடையாது.

ஒரு ஜனவரி மாதம் இரண்டு பேரையும் தனித்தனி நாளில் கூப்பிட்டு உட்கார வைத்தாள்.

ரெஜிஸ் செவ்வாய்க்கிழமை வந்தான். கையிலிருந்த பஸ்தீஸ் மதுவில் தண்ணீர் கலந்துகொண்டே பேசினான்.

"கான்கிரீட்டுன்னா உன் காலத்துக்கும் நிக்கும், உன் பேரன் காலத்துக்கும் நிக்கும். எந்த வடிவம் வேணும், சொல்லு, ஊத்தித் தர்றேன். அந்தப் பை இருக்கே, பத்து வருஷத்துல வெளுத்துப்போகும், ஓரத்துல சுருங்கும். பக்கத்து வீட்டு நாய் ஒரு நாள் விழுந்து நகத்தால பிராண்டினா அன்னிக்கே முடிஞ்சுது."

"கால்ல சிராய்க்குமேடா. எதிர்வீட்டுக் குளத்துல ஒரு நாள் இறங்கினேன், பெருவிரல் தோல் போயிடுச்சு."

"அது எவனோ கட்டினது. நான் கட்டினதா?"

"எத்தனை மாசம் ஆகும்?"

"அஞ்சு. ஆறுன்னு வச்சுக்கோ. கான்கிரீட் காயணும், அப்புறம் மேல்பூச்சு காயணும்ல."

ஜோயல் வியாழக்கிழமை வந்தான். கையில் மாதிரித் துண்டுகள் தைத்த புத்தகம். மணல் நிறம், சாம்பல், நீலத்தில் எட்டு வகை.

"தொட்டுப் பாரு அக்கா. குழந்தை கன்னம் மாதிரி இல்ல? முழங்கால் வலிக்காரங்களுக்கு இதை விட்டா வேற என்ன? பாசி பிடிக்காது, தேய்க்க வேண்டாம். கான்கிரீட் குளத்தை வருஷா வருஷம் முட்டி போட்டுத் தேய்க்கணும். உனக்கு முட்டியே இல்ல. அவன் அதைச் சொன்னானா?"

"பத்து வருஷத்துல மாத்தணுமாமே?"

"பதினஞ்சுன்னு சொல்லு. மாத்தினா என்ன? திரைச்சீலையை மாத்தறதில்லையா? அவன் கட்டினதுல விரிசல் விட்டா என்ன பண்ணுவ, வீட்டை மாத்துவியா?"

இரண்டு பேர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதுதான் கஷ்டம். அன்று சாயங்காலம் அல்பான் தன் கருத்தைச் சொன்னான். அவனுக்குக் கருத்து வருவது அபூர்வம்.

"நீந்தப் போறது நீ. எனக்குக் கரையில உட்கார்ந்து காலைத் தொங்கப்போட இடம் இருந்தா போதும். உனக்கு எதுல இஷ்டமோ அதைச் சொல்லேன்."

"சுவர் ரெஜிஸோடது மாதிரி உறுதியா இருக்கணும். கால்ல படறது ஜோயலோடது மாதிரி மெத்துன்னு இருக்கணும்."

"அப்ப ரெண்டையும் வை. பாதிப் பேர் அப்படித்தான் வச்சிருக்காங்க. கான்கிரீட்ல தொட்டி, அதுக்குள்ள வினைல்."

அல்பான் இதை ஏதோ சாதாரணமாகச் சொல்லிவிட்டுக் குறுக்கெழுத்துப் புதிருக்குத் திரும்பிவிட்டான். மாரீஸுக்குத் தூக்கம் போயிற்று. ஒரே பள்ளத்தில் இரண்டு தம்பிகளும் இறங்க வேண்டி வரும். ஒருவன் சுவர் எழுப்பி முடித்ததும் மற்றவன் அதை அளக்க வர வேண்டும். தொழிலில் அதுதான் சட்டம்: உறை போடுகிறவன் எழும்பின சுவரைத் தன் கையால் அளந்த பிறகுதான் தொழிற்சாலைக்கு உறை வெட்டச் சொல்வான். டேப்பைப் பிடிக்க இரண்டு பேர் வேண்டும். இரண்டு பேர் ஒரு டேப்பின் இரண்டு நுனியைப் பிடித்துக்கொண்டு பேசாமல் இருக்க முடியுமா? பார்க்கலாமே.

எப்படிச் சம்மதிக்க வைத்தாள் என்று கேட்டால், ஆயிரம் பொய் சொல்லிக் கல்யாணம் பண்ணுகிறவர்கள் முன்னால் அவள் யோக்கியம்தான். இரண்டே பொய் சொன்னாள். உறை விரிக்கிற அளவுக்கு நேரான சுவர் உன்னால் கட்ட முடியாது என்று ஜோயல் சொன்னதாக ரெஜிஸிடம் சொன்னாள். அந்தச் சுவரில் சுருக்கம் விழாமல் உறை போட உனக்கு வராது என்று ரெஜிஸ் சொன்னதாக ஜோயலிடம் சொன்னாள். இரண்டு பேரும் ஒரே வார்த்தையில் பதில் சொன்னார்கள்: "பாத்துடலாம்."

ரெஜிஸ் வரைபடம் போட்டு, அளவெழுதி, கீழே கையெழுத்தும் போட்டுக் கொடுத்தான். ஆழமான பக்கம் ஒன்று ஐம்பது, அதாவது ஒன்றரை மீட்டர். அதன் நகலை மாரீஸ் ஜோயலிடம் சேர்த்தாள். மார்ச்சில் மண்வெட்டி இயந்திரம் வந்து புல்தரையைக் கிழித்தது.

ஏப்ரலில் ஒரு நாள் ரெஜிஸ் பள்ளத்திலிருந்து ஏறி வந்து சமையலறை ஜன்னலில் தலையை நீட்டினான். பூட்ஸெல்லாம் களிமண்.

"அந்தக் கடைசிப் பக்கம் மண்ணு சரியில்லக்கா. சொதசொதன்னு இருக்கு. கெட்டி மண்ணு வர்ற வரைக்கும் தோண்டிட்டேன். ஆழம் ஒண்ணு எழுபது ஆகுது. படத்துல இருக்கிறதை விட இருபது சென்டிமீட்டர் கூட. அவன்கிட்ட சொல்லிடு."

"சரி" என்றாள் மாரீஸ்.

சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனை எடுத்தாள். எண்ணையும் அழுத்தினாள். மணி அடிப்பதற்குள் ஏனோ வைத்துவிட்டாள். ஒன்பது வருடமாக எத்தனை "சொல்லிடு". இதையும் சொன்னால் அவன் வீட்டிலிருந்தபடியே உறைக்கு எழுதிப் போட்டுவிடுவான்; அளக்க வரவே மாட்டான். சொல்லாவிட்டால் அவன் வந்துதானே ஆக வேண்டும்? சுவர் காய்ந்ததும் ரெஜிஸ் குளத்தைச் சுற்றி ஓரக்கல் பதிக்கிற நாளாகப் பார்த்து ஜோயலை அளக்க வரச் சொல்ல வேண்டும் என்று திட்டம் போட்டுக்கொண்டு, சமையலுக்குத் தண்ணீர்விட்டான் தண்டுகளைச் சீவ உட்கார்ந்தாள்.

மே மாதக் கடைசியில் ஜோயலே போன் செய்தான். உறைக்குச் சொல்லியாயிற்று, மணல் நிறம், நாளை மறுநாள் வெட்டுவார்கள், ஜூன் இருபதுக்குள் வந்துவிடும் என்றான்.

"அளக்க வரலையேடா?"

"படம்தான் இருக்கே" என்று சொல்லி வைத்துவிட்டான்.

 இந்த ஒன்பது வருடத்தில் ஜோயல் அளக்காமல் ஓர் உறைக்குச் சொன்னதில்லை. இன்னும் ஒரு நாள் இருக்கிறது, இப்போதே கூப்பிட்டுச் சொன்னால் தொழிற்சாலையில் மாற்றிக்கொள்வார்கள். அல்பானிடம் எல்லாவற்றையும் சொன்னாள்.

"சொல்லலைன்னா உறை பத்தாது" என்றான் அல்பான்.

"தெரியும்."

"ஜூலை வந்தா வறட்சின்னு நீர்க் கட்டுப்பாடு வந்துடும். அப்புறம் குளத்துக்குத் தண்ணி விட விடமாட்டாங்க. இந்தக் கோடை போச்சு. உன் முட்டி?"

"முட்டி கிடக்கட்டும். அந்த ரெண்டு கழுதையும் ஒரு தடவை நேருக்கு நேர் நின்னு கத்தட்டும். அதுக்கு ஒரு கோடை போனா போகட்டும்."

அல்பான் குறுக்கெழுத்துப் புதிரை மடித்து வைத்துவிட்டு, "உன் அப்பன் பிடிவாதம் தம்பிங்களுக்கு மட்டும் வந்துதுன்னு நெனச்சேன்" என்றான்.

உறை வந்தது ஒரு வெள்ளிக்கிழமை. வெயில் காலையிலேயே சுட்டது. வினைல் விரிக்க அதுதான் நல்ல நேரம். சூட்டில் அது இளகி, இழுத்த இழுப்புக்கு வரும். ஓரக்கல் ஒன்று ஆடுகிறது, பத்து மணிக்கு வந்து பார் என்று மாரீஸ் ரெஜிஸையும் வரச் சொல்லியிருந்தாள். கல் ஆடவில்லை. நான்கு பேருக்குத் தக்காளிக்குள் கறி அடைத்து அடுப்பில் வைத்து, ஒரே மேஜையில் நான்கு தட்டும் போட்டு வைத்திருந்தாள். அவசரத்தில் ஒரு கிளாஸ் உடைந்தது.

ரெஜிஸ் சரியாகப் பத்து மணிக்கு வந்தான். ஜோயலின் வேனைப் பார்த்தான். தன் லாரியை அதன் பின்னால் நிறுத்தி, இறங்காமல் உள்ளேயே உட்கார்ந்து சிகரெட் பற்ற வைத்தான்.

தோட்டத்தில் ஜோயலும் அவனுடைய வேலையாளும் ஒரு பக்கம், மாரீஸும் அல்பானும் ஒரு பக்கம் நின்று உறையைப் பள்ளத்துக்குள் இறக்கினார்கள். குளத்தின் விளிம்பைச் சுற்றி ஒரு பட்டை ஓடும். உறையின் ஓரத்தை அதில் சொருக வேண்டும். ஆழம் குறைந்த பக்கம் அழகாகச் சொருகிக்கொண்டது. ஆழமான பக்கத்தில் இழுத்தார்கள். வரவில்லை. உறிஞ்சும் இயந்திரத்தைப் போட்டு அடியிலிருந்த காற்றை எடுத்தான் ஜோயல். உறை தரையோடு ஒட்டியதும் ஓரம் இன்னும் கீழே இறங்கியது. பட்டைக்கும் ஓரத்துக்கும் நடுவே ஒரு சாண் கான்கிரீட் பல்லிளித்தது. ஜோயல் இயந்திரத்தை நிறுத்தினான். உள்ளே குதித்து டேப்பை எடுத்து அளந்தான். இரண்டாம் தடவையும் அளந்தான்.

"எவன் தோண்டினான் இதை? ஒண்ணு எழுபது இருக்கு! அக்கா, உன் தம்பிகிட்ட சொல்லு, படம் போடத் தெரியலைன்னா..."

"எனக்குத் தொண்டை கட்டிப்போச்சு" என்றாள் மாரீஸ். "வாசல்ல லாரியில உட்கார்ந்திருக்கான். நீயே போய்ச் சொல்லு."

ஜோயல் போக வேண்டிய அவசியம் இருக்கவில்லை. படம் போடத் தெரியாது என்ற சொல் மதிலைத் தாண்டிப் போய்விட்டது. வேறு எந்தச் சொல்லுக்கும் ரெஜிஸ் இறங்கி வந்திருக்க மாட்டான்.

"யாருக்குடா படம் போடத் தெரியாது?"

ஒன்பது வருடம் கழித்துத் தம்பியிடம் பேசிய முதல் வார்த்தை அது. மாரீஸ் அத்தி மரத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒண்ணு அம்பதுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டது யாரு, நானா?"

"மண்ணு சொதசொதன்னு கிடந்துது. அது மேல சுவரை நிறுத்தச் சொல்றியா? ஏப்ரல்லயே சொல்லி அனுப்பினேன்."

"எனக்கு யாரும் சொல்லலை."

"சொல்லலைன்னா அளக்க வேண்டியதுதானே! அளக்காம உறைக்குச் சொல்ற மடையன் உண்டா? மொத நாள் வேலைக்கு வந்தவனுக்குக்கூடத் தெரியும். இருபத்தஞ்சு வருஷமா என்னத்தக் கிழிச்ச?"

ஜோயல் பள்ளத்துக்குள் நின்றுகொண்டு டேப்பைச் சுருட்டினான். முகம் சிவந்திருந்தது.

"எல்லார் குளத்தையும் அளப்பேன்" என்றான். "நீ கட்டினதை எதுக்கு அளக்கணும்? உன் அளவு என்னிக்குத் தப்பியிருக்கு?"

ரெஜிஸ் வாய் நிறையத் திட்டு வைத்துக்கொண்டுதான் மேலே நின்றான். அதில் ஒன்றும் வெளியே வரவில்லை. சுவரைப் பார்த்தான், உறையைப் பார்த்தான், தன் பூட்ஸைப் பார்த்தான். பிறகு இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அக்காவின் பக்கம் திரும்பினார்கள்.

"நீ அவன்கிட்ட சொல்லலையா?" என்றான் ரெஜிஸ்.

"சொல்லலை."

"மறந்துட்டியா?"

"மறக்கலை. வேணும்னேதான் சொல்லலை."

"அக்கா!" என்றான் ஜோயல்.

"என்னடா அக்கா? ஒன்பது வருஷம் உங்க ரெண்டு பேர் வாயா இருந்தது நான்தான். ரெண்டு கிறிஸ்துமஸ், ரெண்டு ஈஸ்டர். நாளைக்கு நான் செத்தா என்ன பண்ணுவீங்க? காலையில ஒருத்தன் வந்து புதைச்சுட்டுப் போய், சாயங்காலம் இன்னொருத்தன் தோண்டி எடுத்துப் புதைப்பானா?" அழக் கூடாது என்றுதான் இருந்தாள், அழுதுவிட்டாள். "எனக்குத் தாங்கலைடா. அவ்வளவுதான்."

அல்பான் வேலையாளைக் கூட்டிக்கொண்டு எதையோ காட்டுகிற சாக்கில் கொட்டகைப் பக்கம் போனான்.

தம்பிகள் ஓடி வந்து அக்காவைக் கட்டிக்கொண்டார்கள் என்று நினைத்தால், நீங்கள் அந்தக் குடும்பத்தைப் பார்த்ததில்லை என்று அர்த்தம். இரண்டு பேருக்கும் கோபம் தலைக்கேறியது.

"பைத்தியமா உனக்கு?" என்றான் ரெஜிஸ். "ஒரு முழு உறையை நாசம் பண்ணிட்டியே!"

"இது எதுக்கும் ஆகாது. தூக்கித்தான் போடணும்" என்றான் ஜோயல்.

"தூக்கித்தான் போடணும். கேட்டியா?"

"அடுத்த வாரம் தண்ணித் தடை வரப்போகுது."

"அடுத்த வாரமா? செவ்வாக்கிழமைன்னு சொன்னாங்க மேயர் ஆபீஸ்ல."

"செவ்வாக்கிழமையா? அப்ப இப்பவே தொழிற்சாலைக்குப் போகணும்" என்றான் ஜோயல். "நேர்ல போய் நின்னா திங்கட்கிழமை வெட்டிக் குடுப்பான். போன்ல சொன்னா ஆகஸ்ட்ல தள்ளிடுவான். வெள்ளிக்கிழமை பன்னண்டு மணிக்குக் கதவைச் சாத்திடுவாங்க."

"மொதல்ல அளந்து தொலை. நுனியைக் கொடு இங்க."

டேப்பின் ஒரு நுனி மேலே வந்தது. ரெஜிஸ் மண்டியிட்டு அதை மூலையில் அழுத்திப் பிடித்தான். ஜோயல் மறு மூலைக்குப் போனான். நீளம், அகலம், இரண்டு குறுக்களவு, நான்கு மூலை ஆழம். ஒருவன் எண்ணைச் சொல்ல, மற்றவன் திருப்பிச் சொன்னான். "இழுத்துப் பிடி." "பிடிச்சுக்கிட்டுதான இருக்கேன்." "தொய்யுது." "உன் கை தொய்யுது." ஜோயல் ஒரு சிமெண்ட் பைக் காகிதத்தைக் கிழித்து எல்லாவற்றையும் குறித்துக்கொண்டான். மாரீஸ் அங்கேயே நின்றாள். அவளைத் திரும்பிப் பார்க்க ஒருவனுக்கும் நேரமில்லை.

ரெஜிஸின் லாரி பின்னால் நின்றதால் ஜோயலின் வேனை எடுக்க முடியவில்லை. லாரியை நகர்த்தி, வேனை எடுத்து, அப்புறம் கிளம்பினால் நேரமாகிவிடும். "ஏறு" என்றான் ரெஜிஸ். ஜோயல் ஏறினான். தொழிற்சாலை நார்போன் பக்கம், அரை மணி நேரப் பயணம். போய்வருகிறோம் என்றுகூட ஒருவனும் சொல்லவில்லை. லாரி திரும்பும்போது உள்ளே இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தது கண்ணாடி வழியாகத் தெரிந்தது.

அல்பானும் வேலையாளும் மேஜையில் உட்கார்ந்தார்கள். தக்காளி கொஞ்சம் தீய்ந்திருந்தது.

"கோபத்துல போயிருக்காங்க" என்றான் அல்பான். "ஒரு மாசம் ரெண்டு பேரும் உன்கிட்ட பேச மாட்டாங்க, பாரு."

"என்கிட்ட யாரு பேசச் சொன்னா?" என்றாள் மாரீஸ். சொல்லிவிட்டாளே தவிர, உள்ளுக்குள் பயம் போகவில்லை. கோபம் ஆறியதும் பழையபடி ஆகிவிட்டால்? வேறு உறை வந்துவிடும், தண்ணீரும் என்றைக்காவது வந்துவிடும். இன்னொரு தடவை இப்படிச் செய்ய அவளிடம் தெம்பு கிடையாது. தட்டில் இருந்ததைத் தொடாமல் உட்கார்ந்திருந்தாள்.

பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது போன் அடித்தது. ரெஜிஸ்.

"அக்கா, இங்க கவுன்ட்டர்ல நிக்கிறோம். கதவைச் சாத்தப் போறாங்க, சீக்கிரம். ஜோயல் எழுதினது எனக்குப் புரியலை. ரெண்டாவது குறுக்களவுல கடைசி எண் ஒண்ணா, ஏழா? அவன்கிட்ட கேட்டுச் சொல்லு."

மாரீஸுக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை.

"அவன் எங்க இருக்கான்?"

"இதோ, பக்கத்துலதான்."

"ரெஜிஸ்" என்றாள் அவள், மெதுவாக. "பக்கத்துல இருக்கிறவனை நான் எதுக்குடா கேக்கணும்?"

 கவுன்ட்டரில் யாரோ பேனாவால் தட்டுகிற ஒலி மட்டும் கேட்டது. பிறகு, போனிலிருந்து வாயைத் திருப்பிக்கொண்டு ரெஜிஸ் கேட்டான்:

"ஜோயல், இது ஒண்ணா, ஏழா?"

"ஏழு" என்று பதில் வந்த பிறகுதான் மாரீஸ் போனை வைத்தாள்.